கடைசி இரண்டு இலக்கம்

சுட்டுவிரலின் முதல் மடிப்பில்
காய்ப்பு வெடித்திருக்கிறது.
ஒரு நெல்லின் நீளம்தான்.
அதற்குள் ஒரு மூங்கில் சிராய்
மூன்று நாளாய்க் குடியிருக்கிறது
வாடகை தராமல்.

வில் மூங்கில். அம்பு மூங்கில்.
நாணும் மூங்கிலைச் சீவி எடுத்ததுதான்.
இடையில் ஒரே ஒரு சதை,
அது நான்.

மூன்றே முக்காலுக்கு
ஷில்லாங் மைதானத்தில் பிறைவட்டமாய்க் குந்துவோம்.
ஐம்பது பேர், ஆளுக்கு முப்பது அம்பு.
வைக்கோல் உருளையில் தைத்தவற்றை
உருவி எண்ணுவார்கள்.
எழுநூறா எண்ணூறா, ஊருக்கு அக்கறையில்லை.
கடைசி இரண்டு இலக்கத்தின்மேல்தான்
காலையிலிருந்தே பணம் கட்டியிருக்கிறது.

நானும் காலையில் டாக்ஸி ஓட்டுகிறேன்.
ஸ்டியரிங்கை நான்கு விரல் பிடித்திருக்க
சுட்டுவிரல் மட்டும் விறைத்து நின்று
எதிரே வருபவரையெல்லாம் குற்றம் சாட்டுகிறது.
போலீஸ் பஜார் முக்கில் கான்ஸ்டபிள் நிறுத்தினார்:
"யாரைக் காட்டுகிறாய்?"
யாரையுமில்லை ஐயா, காயம்.

மஞ்சள் வைத்தேன். மெழுகு உருக்கி ஊற்றினேன்.
சைக்கிள் டியூபை வளையமாய் வெட்டி மாட்டினேன்;
ரப்பர் நாணைக் காதலித்துவிட்டது,
விட மறுத்தது.
அம்பு வான்ஃப்ராங்கின் செருப்பில் போய் நின்றது.
அவன் திட்டவில்லை.
பையைத் துழாவி
செருப்பு ஒட்டும் பசையை எடுத்து நீட்டினான்.
"பிளவைச் சேர்த்துப் பிடி. ஒரு சொட்டு. மூச்சு விடாதே."

எரிந்தது.
அப்புறம் விரல்நுனி கண்ணாடியானது.
அந்தத் தெம்பில், மறந்துபோய்,
க்வாய் மடிக்க வெற்றிலையில் சுண்ணாம்பு தடவினேன்
அதே விரலால்.
பசை மூடாத ஓர் ஓரம் இருந்திருக்கிறது.
நான் போட்ட சத்தத்தில்
எதிர்க்குழு ஆள் ஒருவன் குறி தவறினான்.
அதற்கும் நானே பொறுப்பாம்.

மச்சினி தாப்லின் கனவில் ரத்தம் கண்டாளாம்.
ரத்தத்துக்கு என்ன எண், விரலுக்கு என்ன எண் என்று
கூப்பன் கடையில் விசாரித்து
ஐம்பது ரூபாய் கட்டிவிட்டு வந்து
என் கையை அன்போடு பார்க்கிறாள்.
குணமாகட்டும் என்றா,
ஆகாமலிருக்கட்டும் என்றா, தெரியவில்லை.

இன்று இருபத்தேழாவது அம்பில் பசை விட்டது.
இன்னும் மூன்று.
எழுந்து போகலாம், யாரும் கேட்கமாட்டார்கள்.
மழை வேறு பைன் மரங்கள்வரை வந்துவிட்டது.
நடுவிரலையும் மோதிரவிரலையும் கூப்பிட்டேன்.
அவை இதுவரை
சட்டைப் பொத்தானுக்கும் சோற்றுக்கும் மட்டுமே
பழகியவை.
முதல் அம்பு புல்லில் படுத்தது.
இரண்டாவது தைத்தது, என் கண்ணால் கண்டேன்.
மூன்றாவதும் போனது,
ஆனால் அதே கணம் நான்கைந்து அம்புகள் போயின.

எண்ணுகிறவர்
பத்துப் பத்தாய் உருவினார்.
ஓர் இறகில் சிவப்பு.
புல்லில் துடைத்துக் கட்டோடு சேர்த்துவிட்டார்.
பலகையில் எழுதினார்கள்: 08.
தாப்லின் கட்டியது அதுவல்ல.
மவ்லாயில் யாரோ வாடகை கட்டியிருப்பார்.
ஏழு போட்டவன் எங்கேயோ என்னைத் திட்டியிருப்பான்,
ஆள் தெரியாமலே.

ராத்திரி இபான்ரிலின்
போன் வெளிச்சத்தைப் பல்லிடுக்கில் கடித்துக்கொண்டு
ஊசியால் கிளறினாள்.
நான் சமையலறைக் கூரைத் தகரத்தின்
ஆணிகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பதினான்கு.
"வந்துவிட்டது" என்றாள், பல்லைத் திறந்து.
போன் விழுந்தது. வெளிச்சம் அணைந்தது.
சிராய் எங்கே விழுந்ததோ
இருவரும் தரையைத் தடவினோம்,
நான் இடக்கையால்.
கிடைக்கவில்லை.
அதை யாரும் எண்ணவுமில்லை.